ஆஸ்பத்திரியில் எடுத்த ஈசினோபில் எண்ணை நம்பி ஸ்டீராய்டு இன்ஹேலரை நிறுத்தலாமா?

கேள்வியின் சாரம்: அப்பாவுக்கு 66 வயது. நீண்ட காலம் பீடி பிடித்து, சில ஆண்டுகளுக்கு முன் விட்டவர். சிஓபிடி (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்) என்று சொல்லி ஃபார்மோட்டெரால் (மூச்சுக்குழாய் விரிப்பான்)–புடசோனைடு (ஸ்டீராய்டு) 400 கேப்சூலைக் காலை ஒன்று, இரவு ஒன்று என இழுத்துவருகிறார். இருபது ஆண்டுகளுக்கு முன் டிபி வந்து ஆறு மாத மருந்தை முழுதாக முடித்தவர். கடந்த ஒரு வருடத்தில் இரண்டு முறை மூச்சிரைப்பு முற்றி மாத்திரைகளோடு சமாளித்தார்கள்; மூன்றாவது முறை ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அங்கே மூன்றாம் நாள் எடுத்த ரத்தத்தில் வெள்ளையணு 13,200, ஈசினோபில் என்ற வெள்ளையணு வகை 0.3%, ஏஇசி (ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் உள்ள ஈசினோபில் எண்ணிக்கை) 40. "ஈசினோபில் கம்மி, ஸ்டீராய்டு இன்ஹேலரால் பலனில்லை, நிமோனியாதான் வரும்" என்று சொல்லி, ஸ்டீராய்டு இல்லாத, இரண்டு மூச்சுக்குழாய் விரிப்பான்கள் கொண்ட இரட்டை மருந்து இன்ஹேலருக்கு மாற்றி அனுப்பினார்கள். வழக்கமாகப் பார்க்கும் டாக்டரோ ஸ்டீராய்டை நிறுத்தக் கூடாது என்கிறார். இரண்டு வருடம் முந்தைய ரிப்போர்ட்டில் வெள்ளையணு 7,800, ஈசினோபில் 5%. யார் சொல்வதைக் கேட்பது?

இரண்டு டாக்டர்களும் பாதி சரி. ஆனால் அந்த 40 என்ற எண்ணை மட்டும் ஓரமாக வைத்துவிடுங்கள். அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது.

காரணம், அது எடுக்கப்பட்ட நேரம். மூச்சிரைப்போடு அட்மிட் ஆகும் சிஓபிடி நோயாளிக்கு அன்றே ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியோ பிரெட்னிசோலோன் மாத்திரையோ தொடங்கிவிடுவார்கள். ஸ்டீராய்டு உடம்புக்குள் போன சில மணி நேரத்தில் ஈசினோபில்கள் ரத்தத்திலிருந்து விலகத் தொடங்கும். எலும்பு மஜ்ஜையிலிருந்து புதியவை வெளிவருவதும் குறையும், இருப்பவையும் சீக்கிரம் மடியும். கடுமையான பாக்டீரியா தொற்றும் தனியாகவே இதைச் செய்யும். ஆகவே மூன்றாம் நாளில் யாருடைய ரத்தத்தை எடுத்தாலும் எண் அடிமட்டத்தில்தான் இருக்கும். 13,200 என்ற வெள்ளையணு எண்ணும் அதே கதையைச் சொல்கிறது: ஸ்டீராய்டும் தொற்றும் நியூட்ரோபில் என்ற இன்னொரு வகை வெள்ளையணுவை ஏற்றி ஈசினோபிலை இறக்கியிருக்கின்றன.

பழைய ரிப்போர்ட்டைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 7,800-இல் 5% என்றால் 390. சிஓபிடியில் 300-க்கு மேல் என்பது ஸ்டீராய்டு இன்ஹேலருக்குச் சாதகமான எண். ஒரே மனிதருக்கு 390-உம் 40-உம். இரண்டில் நம்பத் தகுந்தது 390, அதுவும் அந்த ரத்தம் அவர் நன்றாக இருந்த நாளில், ஸ்டீராய்டு மாத்திரை எதுவும் சாப்பிடாதபோது எடுத்ததாக இருந்தால். இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள்: அட்மிட் ஆன அன்று கேஷுவாலிட்டியில் ஊசி போடும் முன் எடுத்த முதல் சிபிசி (ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை). பல ஆஸ்பத்திரிகளில் அது எடுத்திருப்பார்கள், டிஸ்சார்ஜ் சம்மரியில் மட்டும் விட்டுப்போயிருக்கும். அதில் 300-க்கு மேல் இருந்தால் பலமான சாட்சி. குறைவாக இருந்தால் தொற்றினாலும் இருக்கலாம் என்பதால் ஒன்றும் சொல்லாது.

இந்த ரத்த எண்ணுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதைச் சொன்னால்தான் மற்றவை புரியும். ஆஸ்துமாவில் ஸ்டீராய்டு இன்ஹேலர்தான் அடிப்படை மருந்து. சிஓபிடியில் அப்படியில்லை. அங்கே மூச்சுக்குழாய் அழற்சியைப் பெரும்பாலும் நடத்துவது நியூட்ரோபில். அதை ஸ்டீராய்டு அவ்வளவாக அடக்காது. போதாததற்கு, ஸ்டீராய்டு தன் வேலையைச் செய்யத் தேவைப்படும் எச்டாக்-2 என்ற நொதியைப் புகை நசிக்க வைக்கிறது. இப்போதும் பீடி, சிகரெட் பிடிப்பவருக்கு ஸ்டீராய்டு இன்ஹேலரின் பலன் குறைவதற்கு இது ஒரு காரணம். ஆனாலும் சிஓபிடிக்காரர்களில் ஒரு பகுதியினருக்கு மூச்சுக்குழாயில் ஈசினோபிலும் சேர்ந்திருக்கும். ஸ்டீராய்டால் லாபம் அடைவோர் பெரும்பாலும் அவர்களே. சளியில் நேரடியாக எண்ணுவதே சிறந்த வழி, ஆனால் சாதாரண லேபில் அது நடக்காது. ரத்த எண் அதற்குப் பதிலாள். பதிலாள் என்பதால் கொஞ்சம் பிசகும். ஆனால் கையில் இருப்பவற்றில் இதைவிட மலிவானது, எளிதானது வேறில்லை.

ஆராய்ச்சிகள் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த பாதை நேரானதில்லை. 2007-இல் வெளியான டார்ச் ஆய்வில் 6,112 பேர் மூன்று வருடம் கண்காணிக்கப்பட்டார்கள். சால்மெட்டெரால் (விரிப்பான்)–ஃப்ளூட்டிகசோன் (ஸ்டீராய்டு) கூட்டு மருந்து இறப்பைக் குறைப்பதாக நிரூபிக்க நூலிழையில் தவறியது. நிமோனியா கூடியது மட்டும் தெளிவாகத் தெரிந்தது: வெற்று மருந்தில் 12.3%, கூட்டு மருந்தில் 19.6%. 2016-இல் ஃப்ளேம் ஆய்வு, ஸ்டீராய்டு இல்லாத இரட்டை மூச்சுக்குழாய் விரிப்பான் ஸ்டீராய்டு கூட்டைவிட மேல் என்றது. 2018-இல் 10,355 பேரை வைத்து நடந்த இம்பாக்ட் ஆய்வு அதற்கு நேரெதிராக, இரண்டு விரிப்பானோடு ஸ்டீராய்டும் சேர்ந்த மும்மருந்தே நோய் முற்றுவதை (மூச்சிரைப்பு திடீரென்று மோசமாவதை) அதிகம் குறைக்கிறது என்றது. எது உண்மை? ஆட்களைச் சேர்த்த விதத்தைப் பார்த்தால் பாதிப் புதிர் அவிழும். ஃப்ளேமில் ஆஸ்துமா வரலாறு உள்ளவர்களையும் ஈசினோபில் 600-க்கு மேல் உள்ளவர்களையும் சேர்க்கவில்லை. இம்பாக்டில் அடிக்கடி நோய் முற்றுபவர்கள் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் முன்பே ஸ்டீராய்டு இன்ஹேலரில் இருந்தவர்கள், அதைத் திடீரென்று நிறுத்தியதாலேயே சிலருக்கு மோசமானது என்ற விமர்சனமும் உண்டு.

இம்பாக்டில் ஈசினோபில்வாரியாகப் பிரித்த கணக்குதான் நமக்கு முக்கியம். 150-உம் அதற்கு மேலும் உள்ளவர்களில், இரட்டை விரிப்பான் மட்டும் எடுத்தவர்களுக்கு வருடத்துக்கு 1.39 முறை நோய் முற்றியது. ஸ்டீராய்டு சேர்ந்த மும்மருந்தில் 0.95. 150-க்குக் கீழ் 0.97-உம் 0.85-உம். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் மிகச் சிறியது. இந்த மாதிரிக் கணக்குகளிலிருந்துதான் சிஓபிடிக்கான சர்வதேச வழிகாட்டியான கோல்டு 100, 300 என்ற இரண்டு கோடுகளைப் போட்டது. 100-க்குக் கீழ் ஸ்டீராய்டால் பலன் மிகக் குறைவு. 300-க்கு மேல் பலன் பெரிது. நடுவில் படிப்படியாக ஏறும். 290 என்றால் வேண்டாம், 310 என்றால் வேண்டும் என்று யாராவது பேசினால் நம்பாதீர்கள்.

எண்ணைவிட முதலில் கேட்க வேண்டியது, வருடத்துக்கு எத்தனை முறை நோய் முற்றுகிறது என்பது. ஈசினோபில் 500 இருந்தாலும் ஒருமுறைகூட நோய் முற்றாமல், படியேறினால் மட்டும் மூச்சு வாங்குபவருக்கு முதலில் விரிப்பான்தான். மாறாக, வருடத்துக்கு இரண்டு முறை ஸ்டீராய்டு மாத்திரையோ ஆன்டிபயாடிக்கோ தேவைப்பட்டது, அல்லது ஒருமுறை அட்மிட் ஆனது என்றாலே ஸ்டீராய்டைப் பற்றி யோசிக்கத் தொடங்கலாம். உங்கள் அப்பா இரண்டு நிபந்தனைகளையும் தாண்டியவர்.

மறுபடி ரத்தம் எப்போது, எப்படி எடுப்பது? கடைசி ஸ்டீராய்டு மாத்திரை அல்லது ஊசி முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து, காய்ச்சலும் சளி மஞ்சளாவதும் இல்லாத நாளில். ஈசினோபில் ஒரே நாளில் ஏறி இறங்கும்: உடம்பின் சொந்த கார்ட்டிசால் ஏறும் காலையிலிருந்து மதியம்வரை குறைவு, இரவில் அதிகம். எனவே ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கொடுங்கள். வெறும் வயிறு தேவையில்லை. இன்ஹேலரை அன்று விடவும் வேண்டாம். வழக்கமான அளவில் இழுக்கும் ஸ்டீராய்டு ரத்த எண்ணை அசைப்பது சொற்பம். ஒரு எண்ணோடு நிற்காமல் சில வாரம் விட்டு இரண்டாவது எண்ணும் இருந்தால் நல்லது. குறைந்த எண்கள் திரும்பத் திரும்ப ஏறக்குறைய அப்படியே வரும். உயர்ந்த எண்கள்தான் அதிகம் ஊசலாடும்.

லேபில் நடக்கும் கோளாறு ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை நோயாளிகள் அறிவதே இல்லை. சிறிய லேப்களில் இருக்கும் '3 பார்ட்' இயந்திரம் ஈசினோபிலைத் தனியாக எண்ணாது. மோனோசைட், பேசோபிலோடு சேர்த்து ஒரே கட்டத்தில் போட்டுவிடும். பிறகு டெக்னீஷியன் ஸ்லைடில் நூறு செல் எண்ணி சதவீதம் எழுதுவார். நூறில் 3 கண்டால் உண்மை எண் ஏறக்குறைய 1-இலிருந்து 8 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அது கணிதத்தின் வரம்பு, அவர் பிழையில்லை. அவசரத்தில் எண்ணாமலே எழுதும் இடங்களும் உண்டு. ஒருவருடைய எல்லா ரிப்போர்ட்டிலும் ஈசினோபில் சரியாக 2% என்றே வந்துகொண்டிருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். '5 பார்ட்' இயந்திரம் உள்ள லேபா என்று கேட்டுக் கொடுங்கள். சதவீதத்தை வைத்தும் முடிவெடுக்கக் கூடாது: 5,000 வெள்ளையணுவில் 2% என்றால் 100, 11,000-இல் 2% என்றால் 220. ரிப்போர்ட்டில் 0.39 என்று இருந்து, ஓரத்தில் பத்தின் அடுக்கு போட்டிருந்தால் ஆயிரத்தால் பெருக்குங்கள், 390.

நம் ஊரில் இந்த எண்ணைக் குழப்பும் இன்னொரு சங்கதி புழு. தும்மல், இருமல், வீசிங் எது வந்தாலும் "ஈஸ்னோபீலியா" என்று பெயர் வைத்து, ஹெட்ரசான் (டைஎதில்கார்பமசின்) என்ற யானைக்கால் புழு மாத்திரை எழுதிய காலம் ஒன்று இருந்தது. இன்றும் பெரியவர்கள் அதையே நோயின் பெயராகச் சொல்வார்கள். உண்மையில் ஈசினோபில் கூடுவது ஓர் அறிகுறி, அதன் பின்னால் இருப்பவை பல. கொக்கிப்புழு, ஸ்ட்ராங்கிலாய்டஸ் போன்ற குடற்புழுக்கள் 300-ஐத் தாண்ட வைக்கப் போதும். அந்த ஏற்றம் இன்ஹேலருக்குப் பலன் இருக்குமா என்பதைச் சொல்லாது. யானைக்கால் புழு ஒவ்வாமையால் வரும் வெப்பமண்டல நுரையீரல் ஈசினோபீலியாவில் எண் பெரும்பாலும் 3,000-ஐத் தாண்டும், இருமல் இரவில் வாட்டும். அதற்கு டைஎதில்கார்பமசின், ஒரு கிலோ எடைக்கு 6 மில்லிகிராம் வீதம் தினமும், மூன்று வாரம். அதை இன்ஹேலரால் மூடிவைத்தால் நுரையீரல் தழும்பாகும். ஆயிரத்தைத் தாண்டும் எந்த எண்ணையும் சிஓபிடியின் கணக்கில் எழுதிவிட்டுப் போகாதீர்கள்.

ஸ்ட்ராங்கிலாய்டஸுக்குத் தனி எச்சரிக்கை. அது உடம்புக்குள்ளேயே பெருகி வருடக்கணக்காகத் தங்கும். பிரெட்னிசோலோன் கோர்ஸ்கள் மாறி மாறிக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாகப் பரவக்கூடியது. செருப்பில்லாமல் வயலில் வேலை செய்தவர், எண் தொடர்ந்து 500-க்கு மேல் என்றால் மலப் பரிசோதனை ஒருமுறை போதாது, மூன்று நாள் மாதிரி வேண்டும். முடிந்தால் அதற்கான ரத்தப் பரிசோதனையும். கொக்கிப்புழுவுக்கு அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரே மாத்திரை போதும். ஸ்ட்ராங்கிலாய்டஸுக்கு அது நம்பத்தக்கதில்லை, ஐவர்மெக்டின்தான்.

இப்போது டிபி. உங்கள் அப்பா விஷயத்தில் உண்மையான சிக்கல் இதுதான், 40 என்ற எண் இல்லை. மைக்கோபாக்டீரியத் தொற்று (டிபி இந்த வகை) வரலாறு, திரும்பத் திரும்ப நிமோனியா, ஈசினோபில் 100-க்குக் கீழ் ஆகிய மூன்றும் ஸ்டீராய்டு இன்ஹேலருக்கு எதிரான காரணங்களாக கோல்டு வழிகாட்டியில் இருக்கின்றன. இழுக்கும் ஸ்டீராய்டு டிபி வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டுவது அளவைப் பொறுத்தது: டோஸ் ஏற ஏற ஆபத்தும் ஏறும். ஆனால் இருபது வருடம் முன் முழுதாக மருந்து முடித்துக் குணமான டிபியை வைத்து அடியோடு மறுத்தால், இந்தியாவில் பெருங்கூட்டத்துக்கு இந்த மருந்தே கிடைக்காது. என் கணிப்பில் இது தடையில்லை, சோதித்துவிட்டுப் போக வேண்டிய வழி.

சோதனை என்றால் என்ன? புதிய மார்பு எக்ஸ்ரேயைப் பழையதோடு ஒப்பிட வேண்டும். பழைய தழும்பு அப்படியே இருக்கிறதா, புதிதாக ஏதாவது தெரிகிறதா என்பதே கேள்வி. சளியை டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனைக்கு அனுப்பலாம். ஆனால் முன்பு டிபி வந்தவரிடம் அது இறந்த கிருமியின் டிஎன்ஏவைக்கூடப் பிடித்துவிடும். மங்கலாக பாசிட்டிவ் வந்தால் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) முடிவுக்காகக் காத்திருப்பது அவசியம். பழைய குழியில் ஆஸ்பெர்கில்லஸ் பூஞ்சை குடியேறியிருந்தால் சளியில் ரத்தம், எடைக்குறைவு வரும். அங்கே ஸ்டீராய்டு கேடு. அதற்குக் கொடுக்கும் இட்ராகோனசோல், புடசோனைடும் ஃப்ளூட்டிகசோனும் உடம்பில் சிதைவதைத் தடுத்துவிடும். அப்போது இன்ஹேலரில் போகும் சிறு அளவே மாத்திரை சாப்பிட்டதுபோல் முகம் வீங்கி, சர்க்கரை ஏறி, அட்ரினல் சுரப்பி முடங்கும் நிலைக்குக் கொண்டுபோகும். எச்ஐவிக்கான ரிடோனாவிர் மருந்தும் இதே வேலையைச் செய்யும். வேறு எந்த மாத்திரை சேர்ந்தாலும் இன்ஹேலர் பெயரையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

டிபிக்குப் பிறகான நுரையீரல் பாதிப்பே சிஓபிடி என்ற பெயரில் ஓடிக்கொண்டிருப்பதும் சகஜம். ஸ்பைரோமெட்ரி (ஊதிப் பார்க்கும் பரிசோதனை) செய்து, விரிப்பான் மருந்துக்குப் பிறகு எஃப்இவி1–எஃப்விசி விகிதம் (முதல் விநாடியில் ஊதும் காற்றுக்கும் மொத்தம் ஊதும் காற்றுக்கும் உள்ள விகிதம்) 0.7-க்குக் கீழ் இருந்ததா என்று பாருங்கள். தினமும் கால் டம்ளர், அரை டம்ளர் என்று சளி வந்தால் மூச்சுக்குழாய் நிரந்தரமாக விரிந்துபோன நோயா (பிராங்கியெக்டாசிஸ்) என்று சிடி ஸ்கேன் சொல்லும். ஆஸ்துமா ஒட்டியிராத அந்த நோயில் ஸ்டீராய்டு இன்ஹேலருக்கு வேலை குறைவு, சளியை வெளியேற்றும் பயிற்சிக்கு வேலை அதிகம். மறுபக்கம், சின்ன வயதிலிருந்தே வீசிங், மூக்கு ஒவ்வாமை, விரிப்பானுக்குப் பிறகு எஃப்இவி1 மிக நன்றாக ஏறுவது ஆகியவை இருந்தால் ஆஸ்துமாவும் கலந்திருக்கிறது. அவருக்கு ஈசினோபில் எவ்வளவு இருந்தாலும் ஸ்டீராய்டை எடுக்கக் கூடாது. ஆஸ்துமாவில் ஸ்டீராய்டு இல்லாமல் நீண்டநேர விரிப்பானை மட்டும் கொடுப்பது உயிருக்கு ஆபத்து.

டோஸ் பற்றி. நம் கடைகளில் கேப்சூலில் 400 என்று எழுதியிருப்பது உள்ளே அடைத்த அளவு. வாய்முனை வழியாக வெளிவருவது சுமார் 320. வெளிநாட்டு ஆய்வுகளில் 320, 160 என்று பார்க்கும்போது இந்த மாற்றுக்கணக்கு வேண்டும். 2020-இல் வந்த ஈதோஸ் ஆய்வில் மும்மருந்தை இரண்டு ஸ்டீராய்டு அளவில் கொடுத்தார்கள்: வேளைக்கு 320, வேளைக்கு 160, தினம் இரு வேளை. வருடத்துக்கு நோய் முற்றியது முறையே 1.08, 1.07. அதாவது பாதி டோஸிலேயே முற்றுவது அதே அளவு குறைந்துவிட்டது. ஸ்டீராய்டு இல்லாத இரட்டையில் 1.42. இறப்பு குறைந்ததாகத் தெரிந்தது மட்டும் உயர்ந்த டோஸில். பழைய டிபி, மெலிந்த உடம்பு, சர்க்கரை, கண்புரை உள்ளவருக்குக் குறைந்த டோஸைக் கேட்க இது நியாயமான ஆதாரம். 400-ஐ இரண்டிரண்டாக இழுத்து நாளுக்கு 1,600 வரை ஏற்றுவதற்கு சிஓபிடியில் எந்த நியாயமும் இல்லை.

நிமோனியா பயம் பொய்யில்லை. இம்பாக்டில் ஸ்டீராய்டு சேர்ந்த மும்மருந்தில் 8%, இரட்டை விரிப்பானில் 5%. யாருக்கு அதிகம் வரும் என்றால் இப்போதும் புகைப்பவர், 55 வயதைத் தாண்டியவர், முன்பு நிமோனியா வந்தவர், உடல் எடைக் குறியீடு 25-க்குக் கீழ், எஃப்இவி1 மிகவும் குறைந்தவர், ஈசினோபில் 2%-க்குக் கீழ். நம் சிஓபிடி நோயாளிகளில் 25-க்கு மேல் எடைக் குறியீடு உள்ளவரைத் தேட வேண்டியிருக்கும் என்பது வேறு. நிமோகாக்கஸ் தடுப்பூசியும் வருடாந்திர ஃப்ளூ தடுப்பூசியும் போட்டுவிட்டால் ஒரு கவலை குறையும்.

இனி, இரண்டு டாக்டர்களும் பாதி சரி என்றதன் பொருள். உங்கள் அப்பா இழுத்துவந்த கேப்சூலில் ஒரு விரிப்பானும் ஒரு ஸ்டீராய்டும் மட்டும். டயோட்ரோபியம், கிளைக்கோபைரோனியம் வகையைச் சேர்ந்த இரண்டாவது விரிப்பான் இல்லை. நோய் மூன்று முறை முற்றியது அந்தக் குறையோடு. சிஓபிடியில் ஸ்டீராய்டு தேவைப்படும் அளவுக்குப் போனவருக்கு ஒரு விரிப்பான்–ஸ்டீராய்டு கூட்டைவிட மும்மருந்தே மேல் என்பதுதான் இன்றைய நிலை. ஆஸ்பத்திரி டாக்டர் இரண்டாவது விரிப்பானைச் சேர்த்தது சரி. பழைய டாக்டர் ஸ்டீராய்டை எடுக்க வேண்டாம் என்பதும் சரி. 2020-இல் ஐரோப்பிய சுவாச மருத்துவச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டியும் 300-உம் அதற்கு மேலும் உள்ளவரிடம் ஸ்டீராய்டை நிறுத்த வேண்டாம் என்றே பரிந்துரைக்கிறது. அதனால் டிபி சோதனைகள் சுத்தமாக வந்தால், நிதானமான டோஸில் ஸ்டீராய்டு சேர்ந்த மும்மருந்து என்ற திசையில் பேச்சை நகர்த்துங்கள். புதிய விரிப்பானால் வாய் வறளும்; புராஸ்டேட் தொல்லையால் சிறுநீர் தடைபடுபவர், கண் அழுத்தம் உள்ளவர் என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

மறுபரிசோதனையில் இரண்டு முறையும் 100-க்குக் கீழ் வந்தால் ஆஸ்பத்திரி டாக்டரின் வழிதான். நிறுத்துவது எப்படி என்பதற்கு 2014-இல் வந்த விஸ்டம் ஆய்வு ஒரு மாதிரி: இரண்டு விரிப்பான்களையும் தொடர்ந்துகொண்டே, வேளைக்கு 500 மைக்ரோகிராமாக இருந்த ஃப்ளூட்டிகசோனை முதலில் 250, ஆறு வாரத்தில் 100, பன்னிரண்டாவது வாரத்தில் பூஜ்யம் என்று இறக்கினார்கள். ஒட்டுமொத்தமாக நோய் முற்றுவது கூடவில்லை. ஈசினோபில் 300-ஐத் தாண்டியவர்களில் கூடியது. 2018-இல் சன்செட் ஆய்வில் ஒரேயடியாக நிறுத்தினார்கள், அங்கும் அடிவாங்கியவர்கள் 300-க்காரர்களே. நிறுத்திய முதல் சில மாதங்களில் நோய் முற்றினால் திரும்பத் தொடங்கத் தயங்க வேண்டாம்.

ஸ்டீராய்டு உதவாதவருக்கு நோய் தொடர்ந்து முற்றினால் வேறு மருந்துகள் உண்டு. புகையை விட்டவருக்கு அசித்ரோமைசின் 250 மில்லிகிராம் தினமும், அல்லது 500 வாரம் மூன்று நாள், ஒரு வருடம். அதற்கு முன் ஈசிஜி, காது கேட்கும் திறன், சளியில் மைக்கோபாக்டீரியம் மூன்றும் பார்க்க வேண்டும். எஃப்இவி1 50%-க்குக் கீழே இறங்கி, சளியும் இருமலும் விடாதவருக்கு ரோஃப்ளூமிலாஸ்ட். 250 மைக்ரோகிராமில் நான்கு வாரம், பிறகு 500. வயிற்றுப்போக்கும் எடைக்குறைவும் வரும் என்பதால் ஒல்லியானவருக்கு நான் யோசிப்பேன். மும்மருந்தையும் மீறி 300-க்கு மேல் நிற்பவருக்கு டூபிலுமாப் ஊசி 2024-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றது. விலை வேறு உலகம்.

மற்ற ரத்தப் பரிசோதனைகளில் கையில் உடனே பயன்படுவது அழற்சியில் கூடும் சிஆர்பி என்ற புரதத்தின் அளவு ஒன்றுதான், அதுவும் நோய் முற்றும்போது ஆன்டிபயாடிக் வேண்டுமா என்று பார்க்க. 2019-இல் பிரிட்டனில் நடந்த பேஸ் ஆய்வில் 20-க்குக் கீழ் என்றால் பெரும்பாலும் தேவையில்லை, 20–40 என்றால் சளி நிறம் மாறியிருந்தால் மட்டும், 40-க்கு மேல் என்றால் கொடுக்கலாம் என்ற கணக்கை வைத்தார்கள். ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்கள் 77.4%-இலிருந்து 57%-ஆகக் குறைந்தார்கள்; நோயாளிகளுக்குக் கேடு எதுவும் தெரியவில்லை. ஃபைப்ரினோஜென் என்ற இன்னொரு ரத்தப் புரதத்தின் எண் ஆய்வாளர்களுக்கு, உங்களுக்கு இல்லை. நோய் முற்றும்போது பிரெட்னிசோலோன் 40 மில்லிகிராம் ஐந்து நாள் போதும். பதினான்கு நாள் கொடுப்பதால் கூடுதல் பலனில்லை என்று 2013-இலேயே காட்டிவிட்டார்கள்.

மருந்து தோற்றது என்று முடிவு கட்டும் முன் இழுக்கும் முறையைப் பார்க்க வேண்டும். கேப்சூலை மாத்திரை என்று நினைத்து விழுங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேப்சூல் கருவிக்கு: கருவியை விட்டு முகத்தைத் திருப்பி மூச்சை வெளியே விட வேண்டும், கருவிக்குள் ஊதினால் தூள் ஈரமாகிக் கட்டிப்படும், பிறகு வேகமாக, பலமாக, ஆழமாக ஒரே இழுப்பு, பத்து விநாடி மூச்சை அடக்கல், திறந்து பார்த்துத் தூள் மிச்சமிருந்தால் மறுபடி. ஸ்ப்ரே இன்ஹேலருக்கு இதற்கு நேர்மாறாக மெதுவான இழுப்பு, நான்கைந்து விநாடி நீள வேண்டும். கேப்சூலிலிருந்து ஸ்ப்ரேக்கு மாறுபவர் பழைய வேகத்திலேயே இழுத்து, மருந்து முழுவதையும் தொண்டையில் அப்பிக்கொள்வார். இழுக்கப் பலமில்லாத முதியவருக்கு ஸ்பேசர் (ஸ்ப்ரேயோடு பொருத்தும் குழல்) நல்லது: ஒரு நேரத்தில் ஒரு பஃப், அதை இழுத்து முடித்த பின்தான் அடுத்தது. ஸ்பேசரை சோப்புத் தண்ணீரில் கழுவி, துணியால் துடைக்காமல் தானாக உலரவிடுங்கள். துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் நெபுலைசரில் புடசோனைடு கொடுப்பதானால் அல்ட்ராசானிக் வகை உதவாது, கம்ப்ரசர் வகைதான் அந்தக் கலவையை ஆவியாக்கும்; முடிந்ததும் முகத்தைக் கழுவ வேண்டும். எதில் எடுத்தாலும் வாயையும் தொண்டையையும் கொப்பளித்துத் துப்புவது கட்டாயம். வெள்ளைப் படலம் வாயில் தெரிந்தால் மருந்தை நிறுத்தாமல் காட்டுங்கள். குரல் கம்முவது மட்டும் கொப்பளித்தாலும் சிலருக்குப் போகாது.

டாக்டரைப் பார்க்கும்வரை ஆஸ்பத்திரியில் கொடுத்த புதிய இன்ஹேலரை விடாமல் தொடரட்டும். பழைய கேப்சூலை நீங்களாகவே அதோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள்: இரண்டிலும் நீண்டநேர விரிப்பான் இருப்பதால் அது இரட்டை டோஸாகி நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். ஆனால் பரிசோதனைக்கான நான்கு வாரம் முடியட்டும் என்று டாக்டரையும் தள்ளிப்போடாதீர்கள்; இந்த வாரமே வழக்கமான டாக்டரிடம் போங்கள், 390 எண்ணையும் மூன்று முறை நோய் முற்றியதையும் வைத்து ஸ்டீராய்டை உடனே மீட்பதா, ரத்தம் பார்த்துவிட்டா என்பதை அவர் தீர்மானிக்கட்டும். கையில் எடுத்துப் போக வேண்டியவை: கேஷுவாலிட்டி சிபிசி, இரண்டு வருடம் முந்தைய ரிப்போர்ட், டிபி சிகிச்சை அட்டை, பழைய எக்ஸ்ரே, ஸ்பைரோமெட்ரி தாள், இப்போது இழுக்கும் கருவி. இதற்கிடையில் உதடு நீலம் பாய்ந்தாலோ, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, பகலில் குழப்பமாகத் தூங்கி விழுந்தாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் நேரே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். அங்கே ஊசி போடும் முன் சிபிசிக்கு ரத்தம் எடுக்கச் சொல்லலாம், ஆனால் அதற்காக ஊசியைத் தாமதிக்க விடாதீர்கள்.